வெஸ்பாவில் இருப்பது பசூக்காவா? பிரெஞ்சுக்காரர்களின் தோள் ஆயுதங்கள் பற்றி ஓர் இழை

மார்ச் 4, காலை 9.10 (கேள்வி)

1950களில் பிரெஞ்சு ராணுவம் வெஸ்பா ஸ்கூட்டரில் பசூக்காவை மாட்டி பாராசூட்டில் இறக்கியதாகப் படம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. சீட்டுக்கு அடியில் புகுந்து முன்பக்கத் தகட்டைத் தாண்டி ஒரு நீளக் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குறிப்பில் "எம்20" என்று போட்டிருக்கிறார்கள். எம்20 என்றால் சூப்பர் பசூக்கா. ஆக, தோளில் வைத்து டாங்கைச் சுடும் ஆயுதத்தைத்தான் ஸ்கூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். சரிதானே?

மார்ச் 4, காலை 11.32

எம்20 சரி, பசூக்கா தவறு.

மார்ச் 4, இரவு 8.05

காலையில் ஒரே வரியில் முடித்துவிட்டேன். இது அடிக்கடி நடக்கும் குழப்பம் என்பதால் விரித்தே எழுதுகிறேன்.

அமெரிக்க ராணுவத்தில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனித்தனி எண் வரிசை. எம்1 என்று ஒரு துப்பாக்கி, எம்1 என்று ஒரு கார்பைன், எம்1 என்று ஒரு தலைக்கவசம், எம்1 என்றே முதல் பசூக்கா. எம்20ம் அப்படித்தான். 88.9 மி.மீ. ராக்கெட் லாஞ்சர் ஒரு எம்20. 75 மி.மீ. பின்னுதைப்பில்லா பீரங்கி இன்னொரு எம்20. எம்8 கவச வண்டியின் மேல்கூண்டை எடுத்துவிட்டுச் செய்த வண்டியும் எம்20. மூன்றையும் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்தார்கள். படக்குறிப்பு எழுதுகிறவர் வெறும் எண்ணை மட்டும் போட்டால் படிக்கிறவர் என்ன செய்வார்?

வெஸ்பாவில் இருப்பது பீரங்கி எம்20. நீளம் 2.08 மீட்டர், எடை 52 கிலோ. இதை யாரும் தோளில் வைத்துச் சுடுவதில்லை. சூப்பர் பசூக்கா ஒன்றரை மீட்டர் நீளம், 7 கிலோவுக்கும் குறைவு. அதை ஏற்ற ஸ்கூட்டர் தேவையே இல்லை, ஆள் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்.

ஸ்கூட்டரைச் செய்தது பிரான்சின் ஃபூர்ஷாம்போவில் உரிமம் பெற்று வெஸ்பா கட்டிய ஆக்மா நிறுவனம். இந்த ராணுவ வண்டியை 1956இல் செய்யத் தொடங்கியது. பாராசூட்டில் இரண்டிரண்டாக இறக்குவார்கள்: ஒன்றில் பீரங்கி, மற்றதில் குண்டுகள். தரையிறங்கியதும் பீரங்கியைக் கழற்றி பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியின் முக்காலியில் உட்கார்த்திச் சுடுவார்கள். ஸ்கூட்டரிலிருந்து சுடவே முடியாது.

மார்ச் 5, காலை 7.48

நேற்றைய கடைசி வாக்கியத்துக்குத் திருத்தம். "சுடவே முடியாது" என்பது அதிகப்படி. பின்னுதைப்பு கிட்டத்தட்ட இல்லை என்பதால் அவசரத்துக்குச் சுடலாம். ஆனால் குறி பார்க்க வழியில்லை, குழலை ஏற்றி இறக்கவும் வழியில்லை. வண்டி பீரங்கியைச் சுமக்கத்தான். சுடுவதற்கான மேடை முக்காலிதான்.

மார்ச் 5, மாலை 6.20

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "பின்னுதைப்பில்லா பீரங்கி, ராக்கெட் லாஞ்சர் இரண்டிலும் பின்னால் நெருப்பு போகிறது. அப்புறம் என்ன வித்தியாசம்?"

நெருப்பு பின்னால் போவது மட்டும்தான் ஒற்றுமை. பீரங்கியில் உந்து மருந்து தோட்டாவின் உறைக்குள் இருக்கிறது. எம்20 பீரங்கியின் உறை முழுக்கச் சல்லடை மாதிரி துளைகள். வாயு அந்தத் துளைகள் வழியே அறைக்குள் பரவி, ஒரு பகுதி குண்டை முன்னே தள்ளும், மறுபகுதி பின்பக்கத் திறப்பு வழியே வெளியேறும். இரண்டு தள்ளலும் சமமானால் பீரங்கி அசையாது. குழலின் உட்சுவரில் புரி, அதாவது திருகு மாதிரிப் பள்ளம், வெட்டப்பட்டிருக்கிறது, குண்டு சுழன்றுகொண்டே போகும்.

ராக்கெட்டில் உந்து மருந்து ராக்கெட்டின் வாலிலேயே இருக்கிறது. குழல் வழிகாட்டி மட்டும்தான், அழுத்தத்தைத் தாங்க வேண்டியதில்லை. அதனால் மெல்லிய அலுமினியத்திலேயே செய்யலாம். புரியும் கிடையாது, ராக்கெட் சிறகால் நேராகப் போகும், சுழலாது.

சுழல்கிறதா இல்லையா என்பதுதான் இந்தப் பேச்சு முழுக்க முக்கியமானது. அதற்கு நாளை வருகிறேன்.

மார்ச் 6, இரவு 9.40

இந்த ஆயுதங்களில் டாங்கைத் துளைப்பது குண்டின் வேகமோ எடையோ அல்ல, உள்ளே இருக்கும் குழிவான வெடிமருந்து. மருந்தின் முன்முகத்தில் கூம்பு வடிவில் பள்ளம் விட்டு, அதில் மெல்லிய உலோகத் தகடு பதித்திருப்பார்கள். மருந்து பின்னாலிருந்து வெடித்து வரும்போது கூம்பு தனக்குள்ளேயே நசுங்கி, நடுக்கோட்டில் ஓர் உலோகத் தாரையாகப் பீய்ச்சும். தாரையின் நுனி நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் கவச எஃகு சேறு மாதிரி விலகிக் கொடுக்கிறது.

தாரை கவசத்தை "உருக்கி" உள்ளே போகிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு. இங்கே வேலை செய்வது அழுத்தம், சூடு இல்லை. ஆங்கிலச் சுருக்கப்பெயர் 'ஹீட்' என்று வருவதால் வந்த வினை. அந்த எழுத்துகளின் விரிவு "டாங்க் எதிர்ப்பு உயர்வெடி" என்பதுதான்.

இப்போது சுழற்சி. குண்டு சுழன்றுகொண்டே வெடித்தால் தாரையும் சுழலும். பக்கவாட்டில் சிதறும். நடுக்கோட்டில் கூர்மையாகக் குவிய வேண்டியது விரிந்துவிடும். கணக்கைப் பாருங்கள்: 75 மி.மீ. பீரங்கி எம்20, சுழலும் குண்டு, துளைப்பது சுமார் 100 மி.மீ. 88.9 மி.மீ. சூப்பர் பசூக்கா, சுழலாத ராக்கெட், துளைப்பது சுமார் 280 மி.மீ. குறுக்களவில் இருப்பது 14 மி.மீ. வித்தியாசம். துளைப்பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

சோவியத் டி-34 டாங்கின் முன்பக்கத் தகடு 45 மி.மீ., 60 பாகை சாய்வு. நேர்க்கோட்டில் அளந்தால் 90 மி.மீ. வெஸ்பா பீரங்கி அதைத் தொட்டுக்கோ துடைத்துக்கோ என்று துளைக்கும். அதற்குப் பிந்தைய சோவியத் டாங்கான டி-54இன் முன்தகடு 100 மி.மீ., அதே சாய்வு, நேர்க்கோட்டில் 200. அங்கே வெஸ்பா பீரங்கிக்கு வேலையே இல்லை. ஐரோப்பாவில் போர் வந்தால் எதிரே வரும் என்று பிரெஞ்சுக்காரர்கள் எதிர்பார்த்த டாங்க் டி-54தான்.

மார்ச் 7, காலை 8.15

"அப்படியானால் சூப்பர் பசூக்காவே போதுமே, பிரான்ஸ் ஏன் தனியாக ஒன்று செய்தது?" நல்ல கேள்வி. பதில் வேகத்தில் இருக்கிறது. இரவு எழுதுகிறேன்.

மார்ச் 7, இரவு 10.02

சூப்பர் பசூக்கா ராக்கெட் குழலை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு சுமார் 104 மீட்டர். மெதுவோ மெது. டாங்க் மணிக்கு 30 கிலோமீட்டரில் குறுக்கே போகிறது என்று வையுங்கள், நொடிக்கு 8.3 மீட்டர். 100 மீட்டர் தூரத்தில் ராக்கெட் போய்ச் சேர ஒரு நொடி. அதற்குள் டாங்க் தன் உடல் நீளத்தைவிடக் கூடுதலாக நகர்ந்துவிடும் (டி-34இன் உடல் 6 மீட்டர் சொச்சம்). 300 மீட்டரில் மூன்று நொடி, 25 மீட்டர் நகர்வு. எவ்வளவு முன்னால் குறி வைப்பது என்பது வெறும் ஊகமாகிவிடுகிறது.

இதைவிட மோசமானது தூரம் கணிப்பது. மெதுவாகப் போகும் ராக்கெட் வளைந்து எழுந்து வளைந்து இறங்கும். 300 மீட்டரில் அது சுமார் 8 பாகைச் சாய்வில் இறங்குகிறது. 2 மீட்டர் உயர டாங்க் என்றால், தூரத்தை 15 மீட்டர் அகலத்துக்குள் சரியாகச் சொன்னால்தான் படும். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் முன்னால் மண்ணில் குத்தும், கூட்டிச் சொன்னால் தலைக்கு மேல் போகும். 300 மீட்டரை வெறுங்கண்ணால் அந்தத் துல்லியத்தில் சொல்ல யாரால் முடியும்? அதனால்தான் நகரும் டாங்குக்கு எதிராக நடைமுறைத் தூரம் 100 மீட்டரை ஒட்டியே நின்றது. ஆயுதத்தின் உச்ச வீச்சு 800 மீட்டருக்கு மேல் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பிரெஞ்சு பதில் 89 மி.மீ. எல்ஆர்ஏசி எஃப்1 (எல்ஆர்ஏசி என்பது பிரெஞ்சில் "டாங்க் எதிர்ப்பு ராக்கெட் ஏவி" என்பதன் சுருக்கம்). 1964இல் லூஷேர் நிறுவனம் உருவாக்கத் தொடங்கியது, 1970களின் தொடக்கத்தில் படைக்கு வந்தது. கிளம்பும் வேகம் நொடிக்கு சுமார் 295 மீட்டர். 300 மீட்டருக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல். அதே 2 மீட்டர் உயர டாங்குக்குத் தூரக் கணிப்பில் 118 மீட்டர் வரை பிசகலாம். துளைப்பு 400 மி.மீ. ஆனது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இந்த 15க்கும் 118க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆயுதத்தின் உண்மையான சாதனை என்பேன்.

மார்ச் 8, காலை 6.55

118 என்று எழுதியது காற்றுத் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு. ராக்கெட் வழியில் வேகம் இழக்கும், இறங்கும் சாய்வு கூடும். 100 மீட்டர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் பசூக்காவின் 15ம் அதேபோல் கொஞ்சம் குறையும். ஒப்பீடு மாறாது.

மார்ச் 8, இரவு 9.30

நடுவில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் தாங்களே செய்த தோள் ஆயுதம் எது என்று கேட்டால் எஃப்1 உண்மையில் பேரன். தாத்தா 1950 மாடல் 73 மி.மீ. எல்ஆர்ஏசி.

1950களில் பிரெஞ்சுப் படையின் கையில் அமெரிக்காவிலிருந்து வந்த 60 மி.மீ. பசூக்கா, அதே நாட்டின் 88.9 மி.மீ. சூப்பர் பசூக்கா, தாங்களே செய்த 73 என்று மூன்று அளவு. ஒன்றின் ராக்கெட் இன்னொன்றில் போகாது. கிடங்கில் நிற்கிறவருக்கு இது என்ன தலைவலி என்று யோசித்துப் பாருங்கள்: தவறான பெட்டி முன்னணிக்குப் போனால் அங்கே குழல் இருந்தும் பயனில்லை. எஃப்1 வந்தபோது 73, 88.9 இரண்டையும் சேர்த்தே ஓய்வு கொடுத்தார்கள்.

எஃப்1இன் உண்மைக் குறுக்களவும் 88.9தான். "அப்படியானால் பழைய ராக்கெட்டைப் போடலாமா" என்று கேட்கவேண்டாம். போட முடியாது. காரணம் அடுத்த குறிப்பில்.

மார்ச் 10, இரவு 8.44

குண்டேற்றும் முறையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும்.

சூப்பர் பசூக்கா இரண்டு துண்டாகச் சுமக்கப்படும். முன் துண்டைப் பின் துண்டில் செருகிப் பூட்டவேண்டும். சுடுகிறவர் தோளில் வைத்து விசையின் பூட்டைப் பாதுகாப்பு நிலையில் வைத்திருப்பார். ஏற்றுகிறவர் பக்கவாட்டில் நின்று ராக்கெட்டைப் பின்வாயில் நுழைப்பார். ராக்கெட்டின் மேல் ஒரு பாதுகாப்பு வளையம் இருக்கும். அதைக் கழற்றினால் ஒரு சிறு ஊசி வெளியே துள்ளப் பார்க்கும். குழலின் உட்சுவர் அதை அமுக்கிப் பிடித்திருக்கும். குழலை விட்டு வெளியே போன பிறகுதான் ஊசி தெறித்து, வெடிப்பி (ராக்கெட்டின் வெடிமருந்தைத் தூண்டும் கருவி) தயார் நிலைக்கு வரும். பிறகு மின்தொடர்பு. தொடக்க கால மாடலில் ராக்கெட்டின் கம்பியை அவிழ்த்துக் குழலின் மின்முனையில் கையால் மாட்டவேண்டும். பிந்தைய மாடலில் பிடி ஒன்றே அந்த வேலையைச் செய்தது. எல்லாம் முடிந்ததும் பின்னால் ஆள் இல்லை என்று பார்த்து, பக்கவாட்டில் ஒதுங்கி, சுடுகிறவரைத் தட்டிச் சொல்வார்.

பிசகும் இடங்கள்: கம்பி நழுவுவது, முனையில் மண் அல்லது ஈரம், வளையத்தைக் கழற்ற மறப்பது. விசையில் ஒரு சிறு காந்த மின்னாக்கி. அழுத்தும்போதே மின்சாரம் பிறக்கும். வெடிக்காவிட்டால் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்ப்பார்கள். முதல் பசூக்காவில் இதற்குப் பதில் டார்ச் பேட்டரிதான், தோள்கட்டைக்குள் இருந்தது. வெயிலிலும் குளிரிலும் பேட்டரி சாகும் என்று தெரிந்ததும் மாற்றிவிட்டார்கள்.

எஃப்1இல் ராக்கெட் ஒரு பிளாஸ்டிக் உறையில் அடைபட்டே வருகிறது. மூடியைக் கழற்றி, உறையையே குழலின் பின்பக்கம் மாட்டவேண்டும். மாட்டியதும் மின்தொடர்பு தானாக ஏற்படும். கம்பி இல்லை, வளையம் இல்லை, ஈரம் புக வழியில்லை. சுட்ட பிறகு காலி உறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்டலாம். காலிக் குழல் 1.17 மீட்டர், 5 கிலோ. உறை மாட்டினால் 1.6 மீட்டர், 8 கிலோ சொச்சம். இந்த உறை இல்லாமல் எஃப்1க்குப் பின்பகுதியே கிடையாது. அதனால்தான் பழைய ராக்கெட் போகாது.

மார்ச் 11, மாலை 5.10

"வேகம் இவ்வளவு முக்கியம் என்றால் அமெரிக்கர்களே 1944இல் கூட்டியிருக்கலாமே?"

தோளில் இருக்கும் மனிதனை மறந்துவிட்டீர்கள். ராக்கெட் குழலுக்குள் இருக்கும்போதே உந்து மருந்து முழுவதும் எரிந்து தீரவேண்டும். வெளியே போனபின் எரிந்தால் அந்த நெருப்பு சுடுகிறவரின் முகத்தில் அடிக்கும். முதல் பசூக்காவில் இது நடந்தது. குளிரில் மருந்து மெதுவாக எரிந்து, குழலை விட்ட பிறகும் எரிந்துகொண்டிருந்தது. குழல்வாயில் கம்பிவலைத் தடுப்பு வைத்தார்கள், கண்ணாடி போடச் சொன்னார்கள்.

ஒரு மீட்டர் சொச்சத் தூரத்துக்குள் 104 வேகம் எடுக்க நொடியில் நாற்பதில் ஒரு பங்கு அளவு நேரம் இருக்கிறது. அதே தூரத்துக்குள் 295 எடுக்கவேண்டும் என்றால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சீக்கிரம் எரியும் மருந்து, அந்த அழுத்தத்தைத் தாங்கியும் இலேசாக இருக்கும் ராக்கெட் உடல், அந்த உலுக்கலில் பிசகாத வெடிப்பி, இவையெல்லாம் ஒன்றாகச் சேரவேண்டும். எஃப்1 ராக்கெட் 2.2 கிலோதான், சூப்பர் பசூக்காவுடையது 4 கிலோ. எடையைப் பாதியாக்கி வேகத்தை மூன்று மடங்காக்கி, துளைப்பையும் கூட்டியிருக்கிறார்கள். அதற்குத்தான் இருபது வருடம் பிடித்தது.

மார்ச் 12, காலை 10.25

ஒரு நண்பர் கொரியப் போரை நினைவூட்டினார். 1950 ஜூலை 5, ஓசான். 60 மி.மீ. பசூக்காவுடன் ஆலி கானர் என்ற அமெரிக்க அதிகாரி மிக அருகிலிருந்து வட கொரியாவின் டி-34களின் மேல் 22 ராக்கெட் சுட்டார். டாங்குகள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அந்த மாதமே சூப்பர் பசூக்காக்களை விமானத்தில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜூலை 20இல் தேஜோன் தெருக்களில் அவை டி-34ஐ நிறுத்தின. 73 மி.மீ. பிரெஞ்சு மாடலின் வருடமும் 1950 என்பதைக் கவனியுங்கள்.

மார்ச் 12, இரவு 11.05

இந்தோசீனா பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக நடந்த போரில் பசூக்கா பிரெஞ்சுக்காரர்களை நோக்கியும் சுட்டது. பிரான்சில் படித்துப் பொறியாளரான திரான் தாய் ஙியா 1946இல் ஹோ சி மின்னுடன் வியட்நாம் திரும்பி, காட்டுப் பட்டறைகளில் பசூக்கா செய்தார். 1947 தொடக்கத்திலேயே அது பிரெஞ்சுக் கவச வண்டிகள் மேல் பயன்பட்டது. பிறகு சீனாவிலிருந்து சூப்பர் பசூக்காவின் 90 மி.மீ. நகலும், 75 மி.மீ. பீரங்கி எம்20இன் நகலும் ஹோ சி மின்னின் வியட் மின் படை கைக்கு வந்தன. அந்தப் போரின் முடிவைத் தீர்மானித்த தியன் பியன் பூ சண்டையில் 75 மி.மீ. பீரங்கி இரண்டு பக்கமும் இருந்தது. புதுச்சேரியில் சொல்தா என்று அழைக்கப்படும், பிரெஞ்சுப் படையில் சேர்ந்த தமிழர்கள் பலர் அந்தப் போருக்குப் போனவர்கள். அவர்கள் குடும்பத்தார் யாராவது பழைய படங்களை வைத்திருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

மார்ச் 14, மாலை 7.30

எதிர்வாதம் ஒன்று: "பிரான்ஸ் 1955இலேயே எஸ்எஸ்10 ஏவுகணையைக் கொண்டுவந்துவிட்டது. அதன் வேகம் நொடிக்கு 80 மீட்டர்தான். வேகமே முக்கியம் என்ற உங்கள் வாதம் என்ன ஆகிறது?"

எஸ்எஸ்10க்குப் பின்னால் கட்டளை அனுப்பும் கம்பி இருக்கிறது. சுடுகிறவர் கைப்பிடியால் வழியெல்லாம் திருத்திக்கொண்டே போவார். 1,600 மீட்டர் போக 20 நொடி ஆனாலும் டாங்கைப் பின்தொடர முடியும். ஆனால் ஏவியதும் ஏவுகணையைப் பார்வைக் கோட்டுக்குள் பிடித்துக் கொண்டுவரச் சில நூறு மீட்டர் போய்விடும். அந்த 300 மீட்டருக்குள் இருக்கும் டாங்க் அதற்குச் சிக்காது. அந்த இடம்தான் தோள் ஆயுதத்தின் இடம். வழியில் திருத்த முடியாத எதுவும் வேகமாகப் போயே ஆகவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை, தூரத்தைப் பங்கு போட்டுக்கொண்டவை.

மார்ச் 15, காலை 9.00

சுழற்சி பற்றி மேலும் ஒன்று, இது மிகவும் பிடித்த விஷயம். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பீரங்கியிலும் விடவில்லை. ஏஎம்எக்ஸ்-30 டாங்கின் 105 மி.மீ. புரிகுழலுக்கு 'ஒபு ஜி' என்று ஒரு குண்டு செய்தார்கள். வெளி உறை புரியைப் பிடித்துச் சுழலும். உள்ளே குழிவான வெடிமருந்து பந்து தாங்கிகளின் மேல் உட்கார்ந்து கிட்டத்தட்ட சுழலாமல் போகும். அதன் துளைப்பும் 400 மி.மீ. அளவுதான். குண்டுக்குள் பேரிங் வைத்த அந்தச் செலவும் சிக்கலும், சிறகு வைத்த ராக்கெட்டைச் சுடும் 5 கிலோ குழலுக்குத் தேவைப்படவே இல்லை.

மார்ச் 16, இரவு 8.50

பின்வீச்சு பற்றிக் கேட்டவருக்கு. ராக்கெட் வேகமானால் பின்வீச்சும் கடுமையாகும். பின்னால் சுவர் இருந்தால் வாயு திரும்பி வந்து சுடுகிறவரையே அடிக்கும், மூடிய அறைக்குள் இருந்து சுடக்கூடாது. படுத்துச் சுடும்போது உடலைக் குழலின் கோட்டிலிருந்து விலக்கிச் சாய்வாக வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கால் பின்வீச்சில் இருக்கும். பல படங்களில் வீரர் கோணலாகப் படுத்திருப்பது இதற்காகத்தான். புதரும் தொல்லை: மெல்லிய கிளையில் பட்டாலும் ராக்கெட் திசை மாறலாம், சிலசமயம் அங்கேயே வெடிக்கலாம்.

மார்ச் 19, காலை 11.15

முதலில் கேட்டவர் இன்னும் மூன்று படம் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றாக.

முதல் படம், பாராசூட் வீரர் தோளில்: குழலின் நடுவில் தடித்த இணைப்பு வளையம், இடப்பக்கம் சிறு குறிபார்க்கும் கருவி, முன்வாய் புனல் மாதிரி விரிந்திருக்கிறது. சூப்பர் பசூக்கா.

இரண்டாவது: வழுவழுப்பான பச்சைக் குழல், நடுவில் இணைப்பு இல்லை, தோளுக்குப் பின்னால் தனியாக மாட்டியது தெரியும் தடித்த உறை. எஃப்1. ஆகவே "1958 அல்ஜீரியா" என்ற குறிப்பு தவறு. அது 1970களுக்கு முன் எடுத்த படமாக இருக்க முடியாது.

மூன்றாவது, அருங்காட்சியக வெஸ்பா. குழல்வாயை நேராகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். உள்சுவர் வழுவழுவென்று இருக்கிறது, புரி இல்லை. 75 மி.மீ. எம்20இல் புரி இருந்தே ஆகவேண்டும். வண்டி அசலாக இருக்கலாம். குழல் காட்சிக்காகச் செருகிய வெறும் குழாய்.